ஆஸ்பத்திரி வாசலில் ஆணும் பெண்ணும்

டெல்லி எய்ம்ஸ் மருத்துவமனையின் புறநோயாளிகள் பிரிவுக்கு 2016ஆம் ஆண்டில் வந்தவர்கள் ஏறத்தாழ 23 லட்சத்து 77 ஆயிரம் பேர். பிரசவத்துக்கும் மகளிர் நோய்களுக்கும் வந்தவர்களைத் தவிர்த்த கணக்கு இது. இவர்களில் பெண்கள் 37 சதவீதம்தான். மக்கள்தொகையில் பெண்களின் பங்கோடு இதை ஒப்பிட்டுப் பார்த்த ஆய்வாளர்கள், வந்திருக்க வேண்டிய 4 லட்சத்துக்கும் அதிகமான பெண்கள் அந்த ஒரு வருடத்தில் வரவேயில்லை என்று 2019இல் எழுதினார்கள். டெல்லிக்குள்ளிருந்து வருபவர்களிடையே இடைவெளி குறைவு. பீகார் போன்ற தொலைவான இடங்களிலிருந்து வருபவர்களிடையே அதிகம்.

பீகார்ப் பெண்ணுக்குச் சிறுநீரகமும் இதயமும் கெடாமலா இருக்கும்? கெடும். ஆனால் அவள் டெல்லிக்கு வர வேண்டுமென்றால் ரயில் டிக்கெட் இரண்டு வேண்டும், துணைக்கு வருகிற ஆண் கூலியை விட வேண்டும், வீட்டில் அடுப்பைப் பார்க்க இன்னொருத்தி வேண்டும். இவ்வளவும் கூடிவந்தால்தான் அவள் நோயாளி. அதுவரை ‘உடம்புக்குக் கொஞ்சம் முடியலை’ என்று முனகிக்கொண்டே வேலை பார்க்கும் மருமகள்.

உடலில் வேறுபாடே இல்லை என்று யாரும் சொல்லவில்லை. தன் உடலைத் தானே தாக்கும் லூபஸ் போன்ற நோய் வந்தவர்களில் பத்துக்கு ஒன்பது பேர் பெண்கள். எக்ஸ் குரோமோசோம் இரண்டு இருப்பதற்கும் இதற்கும் தொடர்பு உண்டு என்பதற்கு 2024இல் ஸ்டான்ஃபோர்டு ஆய்வாளர்கள் வலுவான சான்று காட்டினார்கள். கொரோனாவில் பெண்களைவிட ஆண்களே அதிகம் இறந்தார்கள். இந்தியாவில் பெண்ணின் சராசரி ஆயுள் 71.4, ஆணுக்கு 68.6 என்பது 2016-20 காலத்து மாதிரிப் பதிவுக் கணக்கு. இதில் எவ்வளவு உடலின் பங்கு, எவ்வளவு ஊரின் பங்கு என்று துல்லியமாகப் பிரிப்பது கடினம். ஆனால் நோய் வந்த பிறகு நடப்பதில், அதாவது யார் சொல்கிறார்கள், யார் நம்புகிறார்கள், யார் பணம் கட்டுகிறார்கள் என்பதில், ஊரின் பங்கு பட்டவர்த்தனமாகத் தெரியும். அங்கே ஒரு விசித்திரமும் தெரியும். நம் பொது மருத்துவம் பெண்ணைக் கர்ப்பிணியாக மட்டுமே பார்க்கப் பழகியிருக்கிறது. ஆணையோ, ஆம்புலன்சில் வந்து இறங்கும் வரை பார்ப்பதே இல்லை.

இந்தப் பழக்கத்துக்கு ஒரு வரலாறு உண்டு. சென்னையில் ஆட்டோக்காரரிடம் ‘கஸ்தூரிபா காந்தி மருத்துவமனை’ என்றால் ஒரு நிமிடம் யோசிப்பார். ‘திருவல்லிக்கேணி கோஷா ஆஸ்பத்திரி’ என்றால் வண்டியை எடுத்துவிடுவார். திரைமறைவில் இருக்கும் கோஷா முறையில் வாழ்ந்த பெண்கள் ஆண் டாக்டர் முன் வர மாட்டார்கள் என்பதற்காக 1885இல் தொடங்கப்பட்ட மருத்துவமனை அது. அதற்குக் காரணமானவர் மேரி ஷார்லிப். சென்னையில் வழக்கறிஞராக இருந்த ஆங்கிலேயர் ஒருவரின் மனைவி. பிரசவத்தில் பெண்கள் சிகிச்சையின்றிச் சாவதைப் பார்த்துத் தானே படிக்கத் தீர்மானித்தார். 1875இல் சென்னை மருத்துவக் கல்லூரி அவரையும் சேர்த்து நான்கு பெண்களுக்கு இடம் கொடுத்தது. இங்கிலாந்திலேயே பெண்கள் மருத்துவம் படிக்க இடம் கிடைக்காமல் போராடிக்கொண்டிருந்த காலம் அது.

வேலூர் கதை பலருக்கும் தெரிந்ததே. திண்டிவனத்தில் மிஷனரி டாக்டராக இருந்த ஜான் ஸ்கடரின் வீட்டுக் கதவை ஒரே இரவில் மூன்று கணவர்கள் தட்டினார்கள். மூவரின் மனைவியருக்கும் பிரசவச் சிக்கல். மூவருமே ஆண் டாக்டர் வரக் கூடாது, அவருடைய மகள் ஐடாதான் வர வேண்டும் என்றார்கள். ஐடாவுக்கு அப்போது மருத்துவம் தெரியாது. விடிவதற்குள் மூன்று பெண்களும் இறந்துபோனார்கள். அமெரிக்கா போய்ப் படித்துத் திரும்பிய ஐடா ஸ்கடர் 1900இல் வேலூரில் ஒரே ஒரு கட்டிலோடு தொடங்கியதுதான் இன்றைய சி.எம்.சி. மருத்துவமனை. 1918இல் அங்கே பெண்களுக்கான மருத்துவப் பள்ளி வந்தது. ஆண்களைச் சேர்த்துக்கொண்டது 1947இல்தான்.

கூச்சம் எப்போதும் கெடுதல் மட்டும் செய்ததில்லை என்பதையும் இங்கே சொல்லிவிடலாம். 1816இல் பாரிஸில் ரெனே லென்னக் என்ற டாக்டர், இளம்பெண் ஒருத்தியின் மார்பில் காதை வைத்துக் கேட்கக் கூச்சப்பட்டு, காகிதத்தைக் குழாயாகச் சுருட்டி அதன் வழியே கேட்டார். இதயத் துடிப்பு நேரடியாகக் கேட்பதைவிடத் தெளிவாகக் கேட்டது. ஸ்டெதஸ்கோப் பிறந்தது அப்படித்தான்.

தமிழ்நாடு பிரசவ விஷயத்தில் சாதித்தது சாதாரணமில்லை. 2018-20இல் ஒரு லட்சம் பிரசவத்துக்கு இந்திய அளவில் 97 தாய்மார்கள் இறந்தபோது இங்கே அது 54. கேரளத்தில் 19 என்பதையும் மறக்க வேண்டாம். ஐந்தாவது தேசிய குடும்பநல ஆய்வின்படி (2019-21) தமிழ்நாட்டில் ஏறத்தாழ எல்லாப் பிரசவமும் மருத்துவமனையில்தான். ஆரம்ப சுகாதார நிலையத்தில் 24 மணி நேரமும் நர்ஸ், ஒவ்வொரு தாயின் மரணத்தையும் விசாரித்து எழுதும் ஏற்பாடு, கர்ப்பிணியைப் பதிவு செய்து கண்காணிக்கும் பிக்மி எண், சமுதாய வளைகாப்பு, 1987இல் 300 ரூபாயில் தொடங்கி 2018இல் 18 ஆயிரமாக உயர்ந்த மகப்பேறு நிதியுதவி என்று பல கைகள் சேர்ந்து இழுத்த தேர் இது.

அந்த நிதியுதவித் திட்டத்துக்கு டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியின் பெயர். 1912இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் பட்டம் பெற்ற அவர், தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்தவர். அந்த வேதனையில்தான் 1954இல் அடையாறு புற்றுநோய் மருத்துவமனையை உருவாக்கினார். அவருடைய பெயரைப் புற்றுநோய்ப் பரிசோதனைக்கு வைத்திருந்தாலும் பொருந்தியிருக்கும். அரசு பிரசவத்துக்கு வைத்தது. இதில் குற்றம் ஒன்றுமில்லை. ஆனால் நம் முன்னுரிமை எங்கே இருக்கிறது என்பது இதிலிருந்து புரிகிறது.

பிரசவ வார்டை விட்டு வெளியே வந்தால் காட்சி மாறிவிடுகிறது. அதே குடும்பநல ஆய்வு, தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுவரையுள்ள பெண்களில் 53 சதவீதத்துக்கு இரத்தசோகை என்கிறது. இந்தியா முழுக்கப் பெண்களில் 57 சதவீதம், ஆண்களில் 25. மாதவிடாயால் இரத்தம் போவது ஒரு காரணம், கொக்கிப்புழு ஒரு காரணம். மூன்றாவது காரணத்தை எந்த வீட்டுச் சமையலறையிலும் பார்க்கலாம். மீன் குழம்பில் நடுத்துண்டு அவருக்கு, வால்துண்டு பையனுக்கு, தலை மாமனாருக்கு. கடைசியில் உட்காருகிறவளுக்குச் சட்டியில் ஒட்டிய குழம்பு. இரும்புச்சத்து மாத்திரை கொடுக்கும் தேசியத் திட்டம் 1970லிருந்து இருக்கிறது. அரை நூற்றாண்டு மாத்திரை கொடுத்தும் பாதிப் பெண்கள் வெளிறித்தான் இருக்கிறார்கள் என்றால், சாப்பாட்டு வரிசையை மாத்திரையால் மாற்ற முடியாது என்றுதான் எடுத்துக்கொள்ள வேண்டும்.

அதே ஆய்வில் இன்னொரு எண்ணும் இருக்கிறது. தமிழ்நாட்டில் மணமான பெண்களில் 38 சதவீதம் பேர் கணவனின் வன்முறையை அனுபவித்திருக்கிறார்கள். இந்தியச் சராசரியான 29ஐவிட இது அதிகம். கர்ப்பிணி மாதாமாதம் வரும்போது எடை, இரத்த அழுத்தம், ஹீமோகுளோபின், குழந்தையின் துடிப்பு எல்லாம் பார்த்து அட்டையில் எழுதுகிறார்கள். முழங்கையில் இருக்கும் கன்றிப்போன தடத்தைப் பற்றிக் கேட்கும் வழக்கம் அபூர்வம். ‘விழுந்துட்டேன்’ என்று அவள் சொல்வாள், அதோடு முடிந்துவிடும். சில தடங்கள் அத்தோடு நிற்பதில்லை. 2001இல் இந்தியாவில் தீக்காயத்தால் இறந்தவர்கள் 1 லட்சத்து 63 ஆயிரம் பேர், அவர்களில் 1 லட்சத்து 6 ஆயிரம் பேர் பெண்கள், பெரும்பாலும் 15-34 வயதினர் என்று லான்செட் மருத்துவ இதழில் 2009இல் வந்த ஆய்வு கணக்கிட்டது. ‘ஸ்டவ் வெடிச்சிருச்சு’ என்ற வாக்குமூலம் எத்தனை கோப்புகளில் இருக்கிறதோ!

கருப்பைவாய்ப் புற்றுநோய் இன்னும் நோகவைக்கும் உதாரணம். ஏனென்றால் அதற்கான விடை தமிழ்நாட்டு மண்ணிலேயே கிடைத்தது. திண்டுக்கல் மாவட்டம் அம்பிளிக்கையில் இருக்கும் கிராம மருத்துவமனை ஒன்றோடு சேர்ந்து 2000ஆம் ஆண்டில் ஒரு பெரிய ஆய்வு தொடங்கியது. முறை மிக எளிது. நீர்த்த அசிடிக் அமிலத்தில் (சமையல் வினிகரில் இருப்பதுதான்) நனைத்த பஞ்சைக் கருப்பைவாயில் ஒற்றி, ஒரு நிமிடம் பொறுத்துப் பார்க்க வேண்டும். வெள்ளையாக மாறும் இடம் இருந்தால் சந்தேகம். அங்கேயே குளிரூட்டிக் கருக்கிவிடலாம். பார்ப்பதற்கு டாக்டர்கூட வேண்டாம், பயிற்சி பெற்ற நர்ஸ் போதும். 31 ஆயிரத்துக்கும் மேற்பட்ட பெண்களுக்கு இப்படிச் செய்தார்கள். ஏழு ஆண்டுகள் தொடர்ந்து கவனித்ததில், பரிசோதனை நடந்த ஊர்களில் இந்தப் புற்றுநோய் 25 சதவீதமும் அதனால் வரும் மரணம் 35 சதவீதமும் குறைந்தன. 2007இல் லான்செட் இதழில் வெளியாகி, பல நாட்டு வல்லுநர்கள் மேற்கோள் காட்டும் ஆய்வாகிவிட்டது.

அதற்குப் பிறகு பன்னிரண்டு ஆண்டுகளுக்கு மேல் கழித்துக் குடும்பநல ஆய்வு கேட்டபோது, தமிழ்நாட்டில் 30-49 வயதுப் பெண்களில் இந்தப் பரிசோதனையை ஒரு தடவையாவது செய்துகொண்டவர்கள் பத்தில் ஒருவர்கூட இல்லை. இதுவே இந்தியாவில் முன்வரிசை! நாட்டுச் சராசரி 2 சதவீதத்தைத் தொடவில்லை. ஒவ்வொரு ஆண்டும் ஒரு லட்சத்துக்கும் அதிகமான இந்தியப் பெண்களுக்கு இந்தப் புற்றுநோய் புதிதாக வருகிறது. வலியில்லாதபோது கால் விரித்துப் படுக்கக் கூச்சம், ‘எனக்கு என்ன வந்தது’ என்ற அலட்சியம், பிள்ளை பெற்றாகிவிட்டது, இனி ஆஸ்பத்திரிக்கு என்ன வேலை என்ற எண்ணம். கடைசியில் சொன்னது பெண்களின் எண்ணம் மட்டுமா என்றால், இல்லை. நிர்வாகமும் அதே எண்ணத்தில்தான் இருந்தது. பாப்பிலோமா வைரஸால் வரும் இந்த நோய்க்குத் தடுப்பூசி உண்டு. அந்த வைரஸைச் சுமந்து கடத்துவதில் ஆணுக்கும் பங்கு உண்டு. ஆஸ்திரேலியா 2013லிருந்து பையன்களுக்கும் அரசு செலவில் போடுகிறது. இங்கே பேச்சு முழுக்கச் சிறுமிகளைப் பற்றியே.

கருத்தடையின் கதை இதைவிடக் கூர்மையானது. குடும்பக் கட்டுப்பாடு ஆபரேஷன் செய்துகொண்டால் பணம் என்ற திட்டத்தை முதலில் கொண்டுவந்தது 1956இல் சென்னை மாநிலம். அடுத்து வந்த ஆண்டுகளில் அதிகம் முன்வந்தவர்கள் ஆண்கள். 1971இல் எர்ணாகுளத்தில் கலெக்டர் கிருஷ்ணகுமார் நடத்திய முகாமில் ஒரே மாதத்தில் 60 ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஆண்கள் வாசக்டமி செய்துகொண்டார்கள். பிறகு நெருக்கடி நிலை வந்தது. 1976-77இல் நடந்த 80 லட்சத்துக்கும் மேற்பட்ட கருத்தடை ஆபரேஷன்களில் சுமார் 62 லட்சம் ஆண்களுக்கு, பல இடங்களில் பிடித்து இழுத்துப்போய். அடுத்த தேர்தலில் ஆட்சியே போயிற்று. அரசியல்வாதிகள் ஒரு பாடம் படித்தார்கள்: ஆணைத் தொட்டால் ஓட்டுப் போகும். திட்டம் முழுக்கப் பெண் பக்கம் திரும்பியது.

அதே ஐந்தாவது குடும்பநல ஆய்வின்படி இந்தியாவில் மணமான தம்பதிகளில் பெண் கருத்தடை 38 சதவீதம், ஆண் கருத்தடை 0.3. தமிழ்நாட்டில் மணமான பெண்களில் பாதிக்கும் மேல் ஆபரேஷன் செய்துகொண்டவர்கள். ஆணுக்கு அது தையல்கூட இல்லாமல், இடத்தை மட்டும் மரத்துப்போகச் செய்து, கால்மணி நேரத்தில் முடிகிற வேலை. பெண்ணுக்கு வயிற்றைத் திறக்க வேண்டும். டாக்டர்கள் எல்லோருக்கும் இது தெரியும். ‘மூட்டை தூக்க முடியாது’, ‘ஆம்பளத்தனம் போயிடும்’ என்ற பேச்சுக்கு மருத்துவ ஆதாரம் எதுவும் கிடையாது. ஆனால் அந்தப் பேச்சை எதிர்த்து நிற்க எந்தத் துறையும் பெரிதாக மெனக்கெடவில்லை. மனைவியரே ‘அவர் வேலைக்குப் போறவர், அவருக்கு வேண்டாம்’ என்று மறிப்பதும் நடக்கிறது. அவளும் வேலைக்குப் போகிறவள்தான்.

இதன் விலையை 2014 நவம்பரில் சத்தீஸ்கரின் பிலாஸ்பூர் கட்டியது. பூட்டிக் கிடந்த தனியார் மருத்துவமனைக் கட்டடம் ஒன்றில் ஒரே டாக்டர் சில மணி நேரத்தில் 83 பெண்களுக்கு ஆபரேஷன் செய்தார். பதின்மூன்று பேர் இறந்தார்கள். ஆயிரக்கணக்கில் ஆபரேஷன் செய்ததற்காக அந்த டாக்டர் அதே ஆண்டு ஜனவரியில் மாநில அரசின் பாராட்டைப் பெற்றவர். மூன்று ஆண்டுக்குள் முகாம் முறையையே நிறுத்த வேண்டும் என்று 2016இல் தேவிகா பிஸ்வாஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது.

மகாராஷ்டிரத்தின் பீட் மாவட்டத்தில் நடந்தது இன்னொரு வகை. அங்கிருந்து கரும்பு வெட்டப்போகும் கணவனும் மனைவியும் சேர்ந்து ஒரு ‘கொய்தா’, ஒரு அரிவாள் கணக்கு. ஒருவர் ஒரு நாள் வராவிட்டால் மேஸ்திரி அபராதம் பிடிப்பார். மாதவிடாய் மூன்று நாள் என்றால் மூன்று நாள் அபராதம். வெள்ளைப்படுதல், வலி என்று போனால் தனியார் டாக்டர்கள் கருப்பையை எடுத்துவிடச் சொன்னார்கள். பிள்ளையும் பெற்றாயிற்று, இனி அது எதற்கு? 2019இல் இது செய்தியாகி, அரசு குழு போட்டு 82 ஆயிரம் பெண்களை விசாரித்ததில் 13 ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் கருப்பை நீக்கியவர்கள் என்று தெரிந்தது. பலருக்கு நாற்பது வயதுகூட ஆகவில்லை. எலும்பு தேய்வும் முதுகுவலியும் அதற்குப் பின்னால் வரும், அதே கரும்புக் காட்டில்.

தமிழ்நாடு யோக்கியம் என்று நினைத்துக்கொள்ள வேண்டாம். அதே 2019இல் நம் ஆயத்த ஆடைத் தொழிற்சாலைகளில் வேலை செய்யும் சுமார் நூறு பெண்களிடம் பேசிய செய்தி நிறுவனம் ஒன்று, மாதவிடாய் வலி என்று சொன்னால் சூப்பர்வைசர் பெயரில்லாத மாத்திரையைக் கையில் கொடுத்து மிஷினுக்குத் திருப்பி அனுப்பியதை வெளிக்கொண்டுவந்தது. துணிக்கடைப் பெண்களுக்கோ உட்காரவே வழியில்லை. காலையில் நின்றால் இரவு ஷட்டர் இறங்கும்வரை நிற்க வேண்டும். கழிப்பறைக்குப் போக அனுமதி கேட்க வேண்டும் என்பதால் தண்ணீர் குடிப்பதையே குறைத்துக்கொள்வார்கள். கெண்டைக்கால் நரம்பு சுருண்டு புடைப்பதும் சிறுநீர்த் தொற்றும் இதன் கூலி. கோழிக்கோடு மிட்டாய்த் தெருவில் தையல்காரரான விஜி பெண்கள் கூட்டம் சேர்த்துப் போராடியதன் பலனாகக் கேரளம் 2018இல் உட்காரும் உரிமையைச் சட்டமாக்கியது. தமிழ்நாடு 2021இல் பின்தொடர்ந்தது. சட்டம் வந்துவிட்டது. தீபாவளி நேரத்தில் தி.நகர் கடைகளில் ஸ்டூல் எத்தனை தென்படுகிறது என்று வாங்கப் போகிறவர்கள் எண்ணிப் பார்க்கலாம்.

மருத்துவ அறிவியலே ஓரக்கண்ணால் பார்த்தது என்பது இந்த வரலாற்றின் இன்னொரு பக்கம். தினம் ஆஸ்பிரின் சாப்பிட்டால் மாரடைப்பு குறையுமா என்று அமெரிக்காவில் 1980களில் நடந்த புகழ்பெற்ற ஆய்வில் 22,071 டாக்டர்கள் கலந்துகொண்டார்கள். ஒருவர்கூடப் பெண் இல்லை. மருந்துச் சோதனைகளில் பெண்களைச் சேர்க்காததற்குப் பொதுவாகச் சொன்ன காரணம் முழுக்கப் பொய்யுமில்லை. தாலிடமைடு மாத்திரையைக் கர்ப்பிணிகள் சாப்பிட்டு 10 ஆயிரத்துக்கும் மேற்பட்ட குழந்தைகள் கைகால் குறைபாட்டோடு பிறந்த அதிர்ச்சி எல்லோரையும் பிடித்திருந்தது. 1977இல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு, பிள்ளை பெறும் வயதிலிருக்கும் பெண்களை ஆரம்பக்கட்ட மருந்துச் சோதனைகளில் சேர்க்க வேண்டாம் என்றது. பாதுகாக்கத்தான் சொன்னார்கள். ஆனால் சோதனையில் சேர்க்காத பெண்ணுக்குக் கடையில் அதே மாத்திரையைத்தான் விற்றார்கள். 1993இல் அந்த விதி போயிற்று. 1997க்குப் பிறகு அமெரிக்கச் சந்தையிலிருந்து திரும்பப் பெறப்பட்ட பத்து மருந்துகளில் எட்டு, பெண்களுக்கே அதிக ஆபத்து விளைவித்தவை என்று 2001இல் அந்நாட்டுத் தணிக்கை அலுவலகம் கண்டது. சோல்பிடெம் என்ற தூக்க மாத்திரையின் அளவைப் பெண்களுக்குப் பாதியாகக் குறைத்தது 2013இல். இருபது வருடமாக விற்றுக்கொண்டிருந்த மாத்திரை.

மாரடைப்பை அறிய உதவும் பரிசோதனைகளைப் பெண்களுக்குக் குறைவாகவே செய்கிறார்கள் என்று காட்டிய ஆய்வுகளை முன்வைத்து, 1991இல் பெர்னடின் ஹீலி என்ற இதயநோய் நிபுணர் அதற்கு ‘யென்டில் நோய்க்குறி’ என்று பெயர் சூட்டினார். படிப்பதற்காக ஆண் வேடம் போட்ட பெண்ணின் கதை யென்டில். ஆணைப்போலவே நோய் வந்தால்தான் பெண்ணுக்கு ஆணைப்போலச் சிகிச்சை என்றார் ஹீலி. பெண்ணுக்கும் நெஞ்சுவலி வரும். ஆனால் கூடவே மூச்சிரைப்பு, தாடை வலி, முதுகு வலி, குமட்டல், காரணமற்ற அசதி என்று வருவது ஆண்களைவிட அதிகம். இதையெல்லாம் நம் வீட்டில் என்ன சொல்வோம்? ‘கேஸ் டிரபிள்.’ ஓமத்தண்ணீர் கொடுப்போம். அப்பாவுக்கு இதே மாதிரி வந்தால் ஆட்டோ பிடிப்போம்.

யாருக்காக யார் உடலைக் கொடுக்கிறார்கள் என்பதைப் பார்த்தால் எல்லாம் ஒரே இடத்தில் தெரிந்துவிடும். 1995 முதல் 2021 வரை இந்தியாவில் நடந்த 36,640 உறுப்பு மாற்று ஆபரேஷன்களில் உறுப்பைப் பெற்றவர்கள் 29 ஆயிரத்துக்கும் மேல் ஆண்கள், 6,945 பேர் பெண்கள். உயிரோடிருந்து கொடுத்தவர்களில் ஐந்துக்கு நான்கு பேர் பெண்கள், பெரும்பாலும் மனைவி அல்லது தாய். இதைக் கட்டாயம் என்று ஒரே சொல்லில் முடித்துவிட முடியாது. சம்பாதிக்கிறவர் படுத்துவிட்டால் குடும்பமே படுத்துவிடும் என்ற கணக்கு அதில் உண்டு. கொடுக்க முன்வரும் ஆண்கள் சிலர் குடியாலும் இரத்த அழுத்தத்தாலும் தகுதியிழப்பதும் உண்டு. மூளைச்சாவுக்குப் பிறகு உறுப்புத் தருபவர்களில் நிலைமை தலைகீழ். பெரும்பாலும் ஆண்கள். காரணம் சாலை.

ஆண்களின் கணக்கு அங்கிருந்து தொடங்குகிறது. 2022இல் இந்தியச் சாலைகளில் இறந்த 1,68,491 பேரில் பத்துக்கு எட்டுக்கும் மேல் ஆண்கள். ஐந்தாவது குடும்பநல ஆய்வின்படி புகையிலை பயன்படுத்துபவர்கள் ஆண்களில் 38 சதவீதம், பெண்களில் 9. குடிப்பவர்கள் ஆண்களில் 19 சதவீதம், பெண்களில் 1. காசநோய் ஆண்களுக்கே மிக அதிகம். 2024 ஜூனில் கள்ளக்குறிச்சிக் கருணாபுரத்தில் மெத்தனால் கலந்த சாராயத்தால் செத்த அறுபதுக்கும் மேற்பட்டோரில் பெரும்பாலானவர்கள் கூலி வேலை செய்த ஆண்கள். 2021இல் நாட்டில் தற்கொலை செய்துகொண்ட 1,64,033 பேரில் ஆண்கள் 1,18,979. தொழில்வாரியாகப் பார்த்தால் முதலிடம் தினக்கூலிகளுக்கு, 42,004 பேர். ‘ஆம்பள அழக் கூடாது’ என்று வளர்த்தோம். அழாத ஆண் டாக்டரிடமும் பேசுவதில்லை. ஆரம்ப சுகாதார நிலையத்தின் புதன்கிழமைத் தடுப்பூசி, கர்ப்பிணி நாள், குழந்தை எடை பார்க்கும் நாள் எதிலும் அவனுக்கு வேலையில்லை. நாற்பது வயது லோடுமேனுக்கு அந்தக் கட்டடம் பெண்டாட்டியைக் கொண்டுபோய் விடும் இடம்.

அதே 2021 கணக்கில் 23,179 குடும்பத் தலைவிகளும் இருக்கிறார்கள். உலகில் தற்கொலை செய்துகொள்ளும் பெண்களில் 37 சதவீதம் இந்தியப் பெண்கள் என்று 2016ஐ முன்வைத்து ‘லான்செட் பப்ளிக் ஹெல்த்’ இதழில் ஓர் ஆய்வு வந்தது. கல்யாணம் ஒரு பாதுகாப்பு என்பது பல நாடுகளின் அனுபவம். இங்கே இளம் மனைவிக்கு அது அப்படி இல்லை. (மனம் பாரமாக இருப்பவர்கள், ஆணோ பெண்ணோ, தமிழ்நாட்டில் 104க்கு எந்நேரமும் பேசலாம்.)

எச்.ஐ.வி. வந்தபோது இந்த இரு பக்கமும் ஒன்றாக வெளிப்பட்டன. 1986இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் டாக்டர் சுனிதி சாலமனும் அவரது மாணவி நிர்மலாவும் பாலியல் தொழிலாளர்களின் இரத்தத்தைச் சோதித்து, இந்தியாவில் இந்த வைரஸ் நுழைந்துவிட்டதை முதலில் கண்டுபிடித்தார்கள். உடனே ஊர், ‘அந்த மாதிரிப் பெண்களின் வியாதி’ என்று முடிவு கட்டியது. பத்தாண்டுக்குப் பிறகு புனே, சென்னை மருத்துவமனைகளுக்கு வந்த நோயாளிகளைப் பார்த்தால், பெண்களில் பெரும் பகுதியினர் கணவனைத் தவிர வேறு ஆணையே அறியாத மனைவியர். கணவன் இறந்ததும் ‘இவளால்தான்’ என்று மாமியார் வீட்டிலிருந்து துரத்தப்பட்டவர்கள் அவர்களில் எத்தனையோ பேர்.

ஆண் வார்டா, பெண் வார்டா என்ற கேள்வியிலேயே வாசலில் நிறுத்தப்படுபவர்கள் திருநங்கைகளும் திருநம்பிகளும். இந்த விஷயத்தில் தமிழ்நாடு முன்னால் நடந்தது. 2008இல் நாட்டிலேயே முதலாவதாகத் திருநங்கைகளுக்கு நலவாரியம், அதையொட்டி அரசு மருத்துவமனைகளில் இலவசப் பாலின மாற்று அறுவை சிகிச்சை. 2019இல் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளையில் நீதிபதி ஜி.ஆர். சுவாமிநாதன் அளித்த தீர்ப்பைத் தொடர்ந்து, ஆண்-பெண் என்று தெளிவாகப் பிரிக்க முடியாத உறுப்போடு பிறக்கும் குழந்தைகளுக்கு அவசரமின்றி அறுவை சிகிச்சை செய்வதை அரசு தடை செய்தது. தன்பாலீர்ப்பையும் பாலின அடையாளத்தையும் ‘சரிசெய்து’ தருவதாகச் சொல்லும் சிகிச்சைகளை, நீதிபதி ஆனந்த் வெங்கடேஷின் உத்தரவுகளுக்குப் பிறகு, 2022இல் தேசிய மருத்துவ ஆணையம் தொழில்முறைக் குற்றமாக அறிவித்தது. மருத்துவப் பாடப்புத்தகம் மாற நீதிமன்றம் வர வேண்டியிருந்தது என்பது வேறு கதை.

மாற்றம் சில சமயம் எதிர்பாராத துறையிலிருந்து வருகிறது. 2021 மே மாதம் முதல் தமிழ்நாட்டின் சாதாரண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. ஆஸ்பத்திரிக்குப் போகக் கணவனிடம் நாற்பது ரூபாய் கேட்டுக் காரணம் சொல்ல வேண்டிய நிலை இதனால் பலருக்கு இல்லாமல் போனது. போக்குவரத்துத் துறை செய்த சுகாதாரப் பணி என்றே இதைச் சொல்லலாம். அதே ஆண்டு ஆகஸ்டில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ இன்னொரு படி. சர்க்கரை, இரத்த அழுத்த மாத்திரை வீட்டுக்கே வருகிறது. கொண்டுவருபவர் அநேகமாக அதே தெருப் பெண். நேரம்தான் இன்னும் கிடைக்கவில்லை. 2019 நேரப் பயன்பாட்டு ஆய்வின்படி வீட்டு வேலை செய்யும் பெண் அதற்கு நாளுக்கு 299 நிமிடம் தருகிறாள், ஆண் 97. ஓ.பி. சீட்டு வாங்கி மூன்று மணி நேரம் காத்திருக்க, அந்த ஐந்து மணி நேரத்தில் யாராவது கொஞ்சம் வாங்கிக்கொள்ள வேண்டும்.

ஆகவே அரசிடம் கேட்க வேண்டியவை உண்டு: ஆண்களுக்கென்று மாலை நேர ஓ.பி., பெண்ணுக்குப் பிரசவத்துக்குப் பிந்தைய முப்பது ஆண்டுகளுக்கும் ஒரு அட்டை, வாசக்டமிக்கு ஒரு உருப்படியான பிரசாரம். அதுவரை காத்திருக்கத் தேவையில்லாத வேலை ஒன்று இருக்கிறது. இதைப் படிப்பவரின் வீட்டில் முப்பது வயது தாண்டிய பெண் இருந்தால், அவர் கருப்பைவாய்ப் பரிசோதனை செய்துகொண்டாரா என்று கேளுங்கள். பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் இலவசம், சில நிமிட வேலை. ‘எனக்கு ஒண்ணுமில்லை, சமையல் கிடக்கு’ என்று சொல்வார். அன்றைக்கு ஒரு நாள் நீங்கள் சமைத்துவிட்டு அவரை அனுப்புங்கள். திரும்பி வந்ததும், உங்கள் இரத்த அழுத்தத்தைக் கடைசியாக எப்போது பார்த்தீர்கள் என்று அவர் கேட்டால் பதில் வைத்திருங்கள்.